பெட்டி பத்தவில்லை

அந்த அம்மா மூன்றாவது முறையாக வந்து, பொம்மைக்குப் பெட்டி பத்தவில்லை என்றார்.

ஆட்களின் போட்டோவைப் பார்த்துக் கையளவு பொம்மை வார்ப்பது என் மனைவி. அதே போட்டோவைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, கடைச் சரக்கு மாதிரி பெட்டி வடிவமைப்பது நான். பெயின்ட் வாசம் அவள் பங்கு, கழுத்து வலி என் பங்கு.

இந்த அம்மா கொடுத்தது மகன் படம். பள்ளிச் சீருடை, கறுப்பு ஷூ. "இதுக்கப்புறம் எடுத்த படம் இல்ல தம்பி" என்று அன்றைக்கே சொல்லியிருந்தார். நாங்கள் அதற்குமேல் கேட்கவில்லை.

முதல் தடவை, அட்டை ஈரத்தில் சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த தடவை என் அளவைச் சந்தேகப்பட்டேன். இப்போது எதையும் யோசிக்கத் தெம்பில்லை. அதே ஃபைலைத் திறந்து, படத்தில் பையனின் தலைக்கு மேலிருந்த வானத்தை இழுத்து நீட்டினேன்.

"எவ்வளவு கூட்டட்டும்மா?"

"கொஞ்சம் தாராளமாவே வச்சிருங்க. வளர்ற பையன்."

பொம்மையைத் துணிப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, பழைய பெட்டியை மட்டும் மேசையில் வைத்தார். "ஷூவும் கடிக்குது போல. கழட்டிப் போட்டுட்டான்."

அவர் படியிறங்கியதும் மனைவி கதவைச் சாத்தினாள். பிறகு, "காலோட சேர்த்து ஒரே வார்ப்புங்க. கழட்ட வராதே" என்றாள்.

பெட்டியைக் கவிழ்த்தேன். பட்டாணி அளவில் இரண்டு ஷூக்கள் விழுந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சாக்ஸைச் சுருட்டித் திணித்திருந்தான்.