துணைக்கு வந்தவன்

"இந்த வீட்டுல இனி திருட ஒண்ணுமே இல்லீங்க. அதான் பையன் திருந்திட்டான்" என்றாள் என் மனைவி.

அவள் வளையல், என் கைக்கடிகாரம், குளியலறைப் பித்தளைக் குழாய் வரை விற்றுத் தின்ற முப்பது வயதுத் தடியன், என் பல்வலிக்குத் தானே வண்டி பிடித்தான்.

"அப்பாவுக்குச் சரியா சொல்லத் தெரியாது டாக்டர்" என்று, என் வாயைத் திறந்து அவனே பல்லைக் காட்டினான்.

ஊசி போட்டுப் பிடுங்கினார்கள். "பெத்தா இப்படிப் பெக்கணும்" என்று நர்ஸ் மெச்சினாள். எனக்குக் கண் கலங்கியது.

வீட்டுக்கு வந்ததும் மரப்பு விட்டது. வலித்த பல் அப்படியே வலித்தது.

"எங்கடி அவன்?"

"உங்களுக்கு மருந்து வாங்கறேன்னு அப்பவே போனானே!"

நாக்கால் துழாவினேன். பக்கத்துப் பல்லைக் காணோம். என் தங்கப்பல்.

ரத்தத்தைக் காறித் துப்பினேன்.

"வீட்டுல ஒண்ணுமில்லேன்னு என் வாயிலயே கைய வச்சுட்டான்டி, சீ!"