தோடம்பழ நிறப் படிகள்

மாப்பிள்ளை வீட்டார் கம்பளையிலிருந்து வந்து ஹோலில் உட்கார்ந்து பேச்சும் களைகட்டிவிட்டது. அந்தத் தோடம்பழ நிற டைல்கள் இன்னும் யார் கண்ணிலும் படவில்லை.

ஷிராணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அம்பிட்டியச் சரிவில் கட்டிய வீடு. ஹோலிலிருந்து சாப்பாட்டு அறைக்கு மூன்று படி இறங்க வேண்டும். வீடு முழுக்கச் சாம்பல் நிறத் தரை. போன வருடம் அந்தப் படிகளுக்கு மட்டும் அவள் கணவர் றொட்னி, பழுத்த தோடம்பழத்தின் பளீர் ஆரஞ்சு நிறத்தில் டைல் பதித்துவிட்டார். இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணைக் குத்துகிறது என்று சொன்னால், குத்தட்டும் என்பார்.

கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்துபோன பெண்களெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஷிராணியும் சேர்ந்து சிரித்தாள். மனுஷனுக்கு ரசனை என்பது மருந்துக்கும் கிடையாது என்று அவளே அவர் காதுபடச் சொல்வாள்.

மகள் நடாஷாவுக்கு இந்தச் சம்பந்தம் வந்ததும் ஷிராணிக்குத் தூக்கம் போய்விட்டது. முதலில் வந்தது, பெண்ணின் சித்தப்பாவுக்கு வலிப்பு என்று யாரோ போட்டுக்கொடுத்ததில் தட்டிப்போனது. இதுவும் கைநழுவக் கூடாது. மாப்பிள்ளையின் அம்மா கிறேஸ் வேறு, ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிடுகிறவள் என்று கேள்வி.

டைலைப் பெயர்க்க றொட்னி விடவில்லை. சரி, அமுக்கிவிடுவோம் என்று தாயும் மகளும் முடிவெடுத்தார்கள்.

பக்கத்தில் சாம்பல் நிறம் இருப்பதால்தான் அது அப்படித் துள்ளுகிறது, சுற்றிலும் அதே சாயலில் நிறங்களை வைத்தால் தானாக அடங்கிவிடும் என்பது நடாஷா போனில் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை. சுவருக்குச் செங்கல் நிறத்தில் பெயின்ட் அடித்தார்கள். பெயின்ட் காய்ந்த அன்று றொட்னி அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று ஷிராணி கண்டுகொள்ளவில்லை.

மீதியை இன்றுதான் செய்தார்கள். விருந்தாளிகளைக் கூட்டிவர அவர் சந்திக்குப் போன நேரத்தில், படிக்கு மேலும் கீழும் மண்ணிற விரிப்பைப் போட்டு, ஜன்னலுக்குத் துருநிறத் திரையையும் மாட்டினார்கள். முன்பே போட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.

சுவரும் விரிப்பும் படியும் ஒன்றோடொன்று கரைந்து, பார்க்க அவ்வளவு அமைதியாக இருந்தது.

தேநீருக்கு எழுந்தபோது கிறேஸும் அவள் கணவரும் மாப்பிள்ளை ஷேனும் முன்னால் இறங்கிப்போய் மேசையில் உட்கார்ந்தார்கள். றொட்னி மட்டும் விரிப்பின் ஓரத்தில் நின்றுவிட்டார்.

ஷிராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டைல் மறைந்த கோபத்தை இன்றைக்குப் பார்த்தா காட்ட வேண்டும்? கேத்தலை வைத்துவிட்டு மேலே ஏறிப்போய், எல்லோரும் பார்க்கிறார்கள், இறங்குங்கள் என்று பல்லைக் கடித்தாள்.

அப்போதுதான் அவருடைய கால் விரிப்பின் மேல் அங்குமிங்கும் தடவுவதைக் கண்டாள்.

“படி எங்க ஷிராணி? அந்தக் கலர் ஒன்னுதான் எனக்குத் தெரிஞ்சிச்சு.”

கடையில் தனியாக நின்று, கண்ணுக்குப் பிடிபடுகிற ஒரு நிறத்தைத் தேடியிருக்கிறார் மனுஷன். அதைத்தானே ஊரைக் கூட்டிச் சிரித்தோம், அதைத்தானே பார்த்துப் பார்த்து அழித்தோம்.

அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். “கண்ல பிரஷராம். பரம்பரையா வர்றதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு. புள்ளையோட காரியம் முடியட்டும்னுதான் ஒங்கிட்டகூட சொல்லல.”

ஷிராணி அவர் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் விரல்களை அழுத்தி, மெதுவாக இறக்கிக் கூட்டிப் போனாள்.

கிறேஸ் அதைப் பார்த்துக் கைதட்டினாள். இந்த வயதிலும் கைகோத்துக்கொண்டு வருகிறார்கள் பார், பெண் எடுத்தால் இப்படி ஒரு வீட்டில்தான் எடுக்க வேண்டும் என்று மகனிடம் சொன்னாள்.

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள்.

றொட்னியும் சிரித்தார், கிறேஸுக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடி அலுமாரியைப் பார்த்து.