முதல் கணக்கின் சொந்தக்காரர்

'பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று திரை மறுபடியும் சொன்னதும் கோமளவல்லி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். இணையத்தில் வாடகைக்கு எடுத்து ஓட்டும் கம்ப்யூட்டர்களுக்கான கம்பெனியின் கிளவுட் செலவு ஏறிக்கொண்டே போகிறது. எதனால் என்று சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் அவள் டீமையே கலைத்துவிடுவேன் என்றிருந்தார் எம்.டி.

"என்னால முடிஞ்ச அனுமதியெல்லாம் குடுத்துட்டேன் மேடம்," என்றான் அட்மின் ஜெயசீலன். "செலவுப் பக்கத்தை மட்டும், முதல்ல கணக்கு ஆரம்பிச்சவர்தான் திறந்துவிடணுமாம்."

"யாருப்பா அந்த மகராசன்?"

"காசிராஜன் சார். கணக்கு இன்னும் அவர் பேர்லதான் இருக்கு."

செலவை ஏற்றிவிட்டார் என்று போன மாதம் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவள் கோமளவல்லிதான்.

வேறு வழியில்லாமல் போன் போட்டாள். அவர் கோபப்படவில்லை. அதுவே அவளை இன்னும் சங்கடப்படுத்தியது.

"இருங்க மேடம், பார்க்கிறேன்." கீபோர்டு சத்தம் கேட்டது.

"டெஸ்ட்டுக்குன்னு தீபாவளிக்கு முன்னாடி ஒரு பெரிய மெஷினை ஆன் பண்ணிட்டு, ஆஃப் பண்ண மறந்திருக்காங்க. இன்னும் ஓடுது. ஆன் பண்ணவங்க பேரும் இருக்கு."

கோமளவல்லியின் கை கண்ணாடியைத் தேடியது.

"உங்க பேர்தான் மேடம். சொல்லுங்க, திறந்துவிடட்டுமா?"

எதிரே நின்ற ஜெயசீலன் ஆவலோடு குனிந்தான். "என்ன மேடம், அனுமதி குடுக்கிறாராமா?"