அடுத்த பாட்டு

“அண்ணா, கதவைத் திற. நான்தான் வந்திருக்கேன்.”

உள்ளே இசைத்தட்டில் யாரோ உருகிப் பாடிக்கொண்டிருந்தார். தம்பி மறுபடி அழைப்பு மணியை அழுத்தினான். காலடிச் சத்தம் கேட்கவில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

“ரிக்கார்டுக்காரரையா தேடுறீங்க? உள்ளேதான் இருக்கார். ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு போட்டுக்கிட்டே இருக்காரே, கேக்கலையா? நீங்க யாரு?”

“தம்பி.”

“அவருக்குத் தம்பி இருக்காரா?” என்று கேட்ட அந்த அம்மாள், கேட்டிருக்கக் கூடாது என்று பட்டதோ என்னவோ, சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

தம்பிக்குச் சுருக்கென்றது. குற்றம் தன்மேல்தானே? அப்பா அம்மா போன பிறகு அண்ணனும் அவனும் இதே வீட்டில்தான் இருந்தார்கள். அண்ணன் ஊரெல்லாம் அலைந்து பழைய இசைத்தட்டுகளாக வாங்கிக் குவிப்பார். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பாட்டு முடிந்ததும், “டேய், மாத்து!” சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பாதியில் கை கழுவிவிட்டு ஓட வேண்டும். ஒருநாள் பொறுக்க முடியாமல், “நான் என்ன உன் வேலைக்காரனா? ரிக்கார்டு மாத்த வேற ஆளைப் பாத்துக்கோ!” என்று கத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கியவன்தான். அப்புறம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பாட்டு முடிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகவே தம்பிக்குத் தோன்றியது.

“அண்ணா, போன மாசம் காய்ச்சல்ல கிடந்தேன். ஒரு வாய் தண்ணி கொடுக்க ஆளில்ல. தனியா இருந்தது போதும்ணா. நான் பேசினது தப்புதான். திரும்பி வந்துடறேன். வாடான்னு ஒரு வார்த்தை சொல்லு...”

‘க்ளிக்’ என்று ஒரு சத்தம். அடுத்த பாட்டு ஆரம்பித்தது.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதுவும் முடியும்வரை வெட்கத்தை விட்டு நின்றான். இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டான். மறுபடி க்ளிக். இந்தத் தடவை துள்ளல் பாட்டு வேறு!

“சரி, உனக்கு உன் பாட்டே போதும். நல்லா இரு.”

இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு படியிறங்கினான். பஸ் பிடித்துத் தன் வாடகை அறைக்கு வந்து சேர்ந்தபோது, பூட்டிய கதவுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

அண்ணன்!

“எங்கடா போயிட்டே? உனக்குக் காய்ச்சல்னு உன் ஆபீஸ்காரர் இன்னைக்குத்தான் சொன்னார். அப்பவே கிளம்பி வந்துட்டேன்.”

“அப்போ... உன் வீட்டுல ரிக்கார்டு மாத்திக்கிட்டு இருக்கிறது யாரு?”

“வேற ஆளைப் பாத்துக்கோன்னு நீதானே சொன்னே? தானே மாத்திக்கிற பழங்கால மெஷின் ஒண்ணு ஏலத்துக்கு வந்தது. நாலு பேரோட மல்லுக்கட்டி வாங்கினேன். திரும்பிப் போறப்ப வீட்டுல யாரோ இருக்கிற மாதிரி இருக்கட்டும்னு, பாட விட்டுட்டுத்தான் வெளியே கிளம்புவேன்.”

அண்ணன் எழுந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

“ஆனா அது சும்மா சும்மா ரிக்கார்டை உடைச்சுடுதுடா. நீ ஒண்ணுகூட உடைச்சதில்ல.”