காதுச் செயலியின் பழைய பதிப்பு

காதுச் செயலியின் புதிய பதிப்பை ஏற்றியதிலிருந்து தணிகாசலத்துக்குத் திட்டு எதுவும் கேட்பதில்லை. அதையெல்லாம் செயலியே இனிப்பாக மாற்றிக் காதில் போட்டுவிடும். அவர் மனைவி மங்கையர்க்கரசி தன் காதில் பழையதையே வைத்திருந்தாள். இனிக் கிடைக்காதென்று அதன் நிறுவல் கோப்பையும் போனில் சேமித்திருந்தாள்.

“மோட்டாரை நிறுத்தாம என்ன பண்றீங்க? மாடியெல்லாம் வெள்ளம்! மூளைன்னு ஒண்ணு இருக்கா?”

“ரொம்ப தேங்க்ஸ்ம்மா,” என்று சிரித்தார் அவர்.

முப்பது வருடம் சரிக்குச் சரி சண்டை போட்ட மனுஷன். ஒரு மாதமாக இந்தச் சிரிப்புதான். சுவரோடு வாழ்வதுபோல் இருந்தது அவளுக்கு. அவர் குளிக்கப் போனதும், கழற்றி வைத்திருந்த காதுக்கருவியில் பழைய பதிப்பை ஏற்றினாள்.

வந்து மாட்டிக்கொண்டவரிடம் அதே கேள்வியைக் கேட்டாள்.

“மூளை இருந்திருந்தா உன்னைக் கல்யாணம் பண்ணியிருப்பேனா? நீ வைக்கிற ரசத்துல முகம் கழுவலாம்!”

மனுஷன் திரும்பி வந்துவிட்டார். அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் அவர் நிறுத்துவதாக இல்லை. ரசத்திலிருந்து அவள் தம்பிக்குப் போனார். தம்பியிலிருந்து கல்யாணப் பந்திக்கு.

அரை மணி நேரம் பொறுத்தாள். பிறகு போனை எடுத்துத் தன் காதுக்குப் புதிய பதிப்பை ஏற்றிக்கொண்டாள்.

அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

“போங்க, இந்த வயசுல இதெல்லாம் பேசிக்கிட்டு,” என்று முகம் சிவந்தாள் மங்கையர்க்கரசி.