தோற்கடிக்கும் கணினி

ரெஜினாவும் இத்ரீஸும் பழைய கணினிகளைத் தேடிப் பிடித்து ஓடவைப்பவர்கள். இந்த முறை கிடைத்தது நூறு வருடப் பழசு, 1980களில் செய்தது. கூடவே வந்த பிளாப்பியில் அசல் செஸ் விளையாட்டு ஒன்றும் இருந்தது.

ரெஜினா ஆடினாள், தோற்றாள். அதுவரை எந்த இயந்திரத்திடமும் அவள் தோற்றதில்லை. அவள் காலத்தில் யாருமே தோற்றதில்லை.

"மெமரி சிப் போயிருக்கும் பாய்," என்றாள் இத்ரீஸிடம்.

சிப்பை மாற்றினார்கள். மறுபடி தோற்றாள். சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் ஈயம் உருக்கிப் புதிதாகப் பற்றவைத்தார்கள். இத்ரீஸ் உட்கார்ந்தார், அவளைவிடச் சீக்கிரம் தோற்றார்.

கடைசியில் பிளாப்பியில் இருந்த நிரலை வரிவரியாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல கோளாறே இல்ல ரெஜினா. ஜெயிக்கணும்னு மட்டுந்தான் எழுதியிருக்காங்க. இப்போ வர்ற மெஷின்ல இருக்கிற மாதிரி, ஆடுறவங்க மனசு நோகக்கூடாதுன்னு ஒரு வரிகூட இல்ல."

வீட்டு ஷோகேஸ் நிறைய ரெஜினாவின் கோப்பைகள். எல்லாமே இயந்திரங்களை வென்று வாங்கியவை.

"அப்போ எனக்கு செஸ் ஆடத் தெரியுமா, தெரியாதா?"

"என்னையக் கேட்டா? அதுகிட்ட கேளு."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு புது ஆட்டம் தொடங்கினாள். அதிலும் தோற்றாள். ஆனால் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள்.

"பாய், என் குதிரைய நகத்தினதும் அது ரொம்ப நேரம் யோசிச்சுச்சு, பாத்தீங்களா?"