பதினொன்று பத்து

"அந்த வட்டம் இவர் போட்டதில்ல டாக்டர். உங்க மெஷின் போட்டது" என்றாள் ரெமெடியோஸ்.

இளம் டாக்டர் மரிசெல் தடுமாறினாள். இலோய்லோ நகரத்தில் அந்த ஆஸ்பத்திரிக்கு இப்போதுதான் காகிதத்துக்குப் பதில் தொடுதிரை வந்திருந்தது. மறதி நோய் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வைக்கும்படி ரெமெடியோஸின் கணவர் கிறிசாந்தோவிடம் சொல்லியிருந்தாள். கிழவர் விரலால் இழுத்தது முட்டை மாதிரிதான் இருந்தது. விரலை எடுத்ததும் அது அச்சடித்த வட்டமாகிவிட்டது. எண்களும் தாமாக நகர்ந்து வரிசையில் நின்றன.

ரெமெடியோஸ் வீட்டுக் கதையெல்லாம் கொட்டினாள். சாவி கருவாட்டு டப்பாவில் கிடக்கிறது. அடுப்பு அணைக்காமல் எரிகிறது. காணாமல் போன அவள் தோடு இவர் செருப்புக்குள் இருந்தது. கேட்டால், தெரியாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அப்பாவும் மகளும் குசுகுசுவென்று பேசுவதும், அவளைக் கண்டால் வாயை மூடிக்கொள்வதும் தினமும் நடக்கிறது. இவருடைய மறதியை எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள். இப்போது இந்த மெஷினும் கூட்டு.

கிறிசாந்தோ மடியிலிருந்த தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கோடுகளைத் திருத்தும் வசதியை நிறுத்திவிட்டு மறுபடி வரையச் சொன்னாள். இந்தத் தடவை வட்டம் நசுங்கித்தான் வந்தது. ஆனால் எண்கள் அததன் இடத்தில் இருந்தன. முட்கள் சரியாகப் பதினொன்று பத்தைக் காட்டின.

ரெமெடியோஸுக்குச் சந்தேகம் தீரவில்லை. "வீட்டுல மககிட்ட வரைஞ்சு பழகிட்டு வந்திருப்பார்."

"அப்ப எப்படிப் போடணும்னு நீதான் காட்டேன், ரெமி" என்றார் கிறிசாந்தோ.

அவள் திரையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். மும்முரமாக வரைந்தாள்.

"பாத்தீங்களா, இதுதான் கடிகாரம்."

டாக்டர் எட்டிப் பார்த்தாள். எண்கள் எல்லாம் ஒரே ஓரத்தில் முட்டிமோதிக்கொண்டு கிடந்தன. ஏழு மூன்று தடவை வந்திருந்தது. முள்ளே இல்லை.

ரெமெடியோஸ் தன் கடிகாரத்தையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிறிசாந்தோ டாக்டர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தனக்குன்னா வரமாட்டா டாக்டர். அதான் என் பேர்ல சீட்டு வாங்கினேன்."